புது லேப்டாப் பழுதானால்: ஒரு சிவகாசி நாட்குறிப்பு

ஆடி 18

புதிதாக வாங்கிய லேப்டாப்பில் குறை இருந்தால் சரிசெய்து தரும்படியோ, மாற்றித் தரும்படியோ, பணத்தைத் திருப்பித் தரும்படியோ விற்றவரிடம் கேட்கலாம். சட்டம் தரும் இந்த உரிமைக்கு முதல் சான்று பில். சிவகாசியில் இந்த உரிமை அதிகம் தேவைப்படும் காலம் இது: வரும் ஆண்டுக்கான தினசரி காலண்டர் ஆல்பங்கள் இன்று வெளியாகின்றன. இனி மார்கழி வரை அச்சகங்களுக்கு ஓய்விராது. காலண்டர் தாளும் பட்டாசு லேபிளும் வீட்டிலிருந்தே டிசைன் செய்து கொடுப்பவருக்கு இந்த மாதங்களில் லேப்டாப் படுத்துக்கொண்டால் ஆர்டர் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

பில்லில் வாங்கியவர் பெயர், தேதி, மாடல், சீரியல் எண், 18 சதவீத ஜிஎஸ்டி ஆகியவை இருக்க வேண்டும். பில் வேண்டாம் என்றால் விலையைக் குறைப்பதாகச் சொல்லும் கடையில் வாங்குவது, பின்னால் வரக்கூடிய எல்லா வழக்கையும் அன்றைக்கே தோற்பதற்குச் சமம். பில் தராமல் இருப்பதையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. சீரியல் எண் பெட்டியின் மேலும், கருவியின் அடிப்பக்கத்திலும், பயோஸ் திரையிலும் இருக்கும். இவை பில்லோடு ஒத்துப்போகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். பெட்டியைப் பிரிப்பதைச் செல்போனில் வீடியோ எடுத்து வைத்தால், கீறலும் வெடிப்பும் முதலிலேயே இருந்தனவா, பிறகு வந்தனவா என்ற தகராறு எழாது.

ஆவணி, முதல் வாரம்

புது லேப்டாப்பில் வரும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: திரையில் கோடு விழுவது, சார்ஜ் ஏறாதது, கீபோர்டில் சில எழுத்துகள் வேலை செய்யாதது, ஹிஞ்ச் தளர்வது, வேலையின் நடுவே திடீரென்று அணைந்துபோவது. கடைசியாகச் சொன்னதுதான் நிரூபிக்கக் கடினமானது. கடை மேசையில் வைத்து ஆன் செய்தால் நன்றாகவே ஓடும். ஆனால் விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்ற பகுதி உண்டு. கருவி முறையாக மூடப்படாமல் நின்ற ஒவ்வொரு தடவையும் 41 என்ற எண்ணில் தேதியோடும் நேரத்தோடும் அங்கே பதிவாகிறது. ஏன் நின்றது என்பதை அந்தப் பதிவு சொல்லாது. எப்போதெல்லாம் நின்றது என்பதை மறுக்க முடியாதபடி சொல்லும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்புவது, வாய்வார்த்தையாகச் சொல்வதைவிடப் பல மடங்கு வலுவானது.

முதல் தகவல் விற்றவருக்கே போக வேண்டும், அதுவும் எழுத்தில், தாமதமில்லாமல். 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, பொருளை வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருப்பவர் அதை ஏற்றுக்கொண்டவராகிறார். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று 2019 சட்டம் வரையறுக்கிறது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்தே பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அது கடை எழுதிய வரி. குறையுள்ள பொருளை விற்ற பொறுப்பிலிருந்து அது கடையை விடுவிக்காது.

“அண்ணாச்சி, வித்ததோட எங்க வேலை முடிஞ்சிருச்சு, இனி கம்பெனிதான் பாக்கணும்” என்ற பதிலும் அப்படித்தான். இத்தகைய பொருள்களை விற்பதைத் தொழிலாகக் கொண்டவரிடம் விவரத்தை நம்பி வாங்கும்போது, அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்கும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே அடங்கியிருக்கிறது என்கிறது 1930 சட்டம். அந்த ஒப்பந்தம் வாங்கியவருக்கும் கடைக்கும் இடையிலானது. உற்பத்தியாளரின் வாரண்டி அதற்கு மேல் கிடைக்கும் இரண்டாவது பாதுகாப்பு. முதலாவதை அது அழிப்பதில்லை.

ஆவணி, கடைசி வாரம்

ஆனாலும் நடைமுறையில் கருவி சர்வீஸ் சென்டருக்குப் போகத்தான் செய்கிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் பலருக்கு அது மதுரைக்குப் பஸ் ஏறுவதாக முடிகிறது. கொடுப்பதற்கு முன் டிசைன் கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிட வேண்டும். அழிந்த கோப்புக்கு வாரண்டி பொறுப்பேற்பதில்லை.

அங்கே தரும் ஜாப் ஷீட்தான் பில்லுக்கு அடுத்த ஆவணம். கொடுத்த தேதி, சொன்ன குறை, கருவியின் வெளித்தோற்றம், திரும்பத் தந்த தேதி, மாற்றிய பாகம் ஆகியவை அதில் வர வேண்டும். “செக் செய்யப்பட்டது, ஓகே” என்ற ஒற்றை வரியோடு திருப்பித் தந்தால், குறை நீங்கவில்லை என்பதை அதே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வாங்குவது நல்லது. மதர்போர்டு பழுதுக்குத் தண்ணீர் பட்டது, கீழே விழுந்தது என்று காரணம் சொல்லி வாரண்டியை மறுத்தால், எந்த இடத்தில் என்ன அடையாளம் கண்டார்கள் என்பதைப் படத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். கொடுத்த அன்று ஜாப் ஷீட்டில் இல்லாத கீறல் பிறகு முளைத்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பட்டாசு ஆலையின் உற்பத்திப் பகுதிக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. மகளின் படிப்புக்காக லேப்டாப் வாங்கிய தொழிலாளிக்குப் பகலில் வரும் சர்வீஸ் சென்டர் அழைப்பு எட்டாது. “வாடிக்கையாளர் போனை எடுக்கவில்லை” என்று சொல்லிப் புகாரை முடித்துவைக்க அது இடம் கொடுத்துவிடும். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ தெரிவிக்கும்படி முதல் நாளே ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்வது இதற்கு வழி.

புரட்டாசி

சரிசெய்வதா, மாற்றித் தருவதா என்பதில்தான் பெரும்பாலான புகார்கள் இழுபடுகின்றன. இந்தியாவில் இத்தனை தடவை பழுதுபார்த்தும் சரியாகாவிட்டால் புதியது தர வேண்டும் என்ற எண்ணிக்கை எதுவும் சட்டத்தில் இல்லை. வாரண்டி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதாகச் சொன்னால், அதன்படி முழுப் பொருளையே மாற்றக் கேட்க முடியாது என்பது 2006-இல் மாருதி உத்யோக் கார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. எனவே புதுக் கருவி கேட்பவர், குறை ஒரு பாகத்தோடு நிற்கவில்லை, உற்பத்தியிலேயே இருக்கிறது, பாகம் மாற்றியும் தீரவில்லை என்று காட்ட வேண்டும். ஒரே குறையைச் சொல்லும் ஜாப் ஷீட்கள் அடுத்தடுத்து சேரும்போது அது தானாகவே விளங்கும்.

பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் குறையுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தைப் பெற உரிமை தருகிறது. அதன் பிறகு ஒரு தடவை பழுதுபார்த்தும் சரியாகாவிட்டால் பொருளை மறுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 நெறிமுறையின்படி முதல் ஓராண்டுக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் வேலை. இங்கே நிரூபிக்கும் சுமை புகார் கொடுப்பவர் தலையில் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய ஒருவர், தான் திறந்தும் பார்க்க முடியாத கருவியின் குறையை நிரூபிக்க வேண்டியிருப்பது நியாயமாக இல்லை. இந்தியச் சட்டம் திருத்தப்பட வேண்டிய இடம் இதுவே.

ஐப்பசி, தீபாவளிக்கு முந்தைய வாரம்

போனஸ் பணம் கைக்கு வரும் வாரம். அதில் லேப்டாப் வாங்குகிறவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தானா என்ற கேள்வி இந்த ஊரில் மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக எழும். இங்கே வீடும் தொழிலும் பல இடங்களில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

அப்பா பணம் கொடுத்து மகள் பயன்படுத்தினால் சிக்கல் இல்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே. ஆனால் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரைச் சட்டம் விலக்குகிறது. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. இதன் எல்லையை உச்ச நீதிமன்றம் 1995 ஏப்ரல் 4 அன்று வகுத்தது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் வாங்கிய இயந்திரம் தாமதமாக வந்தது, குறையுள்ளது என்று தொடர்ந்த வழக்கு அது. இயந்திரத்தின் விலையையும் தன்மையையும் பார்த்த நீதிமன்றம், அந்த நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று முடிவு செய்தது. அதே தீர்ப்பு எளியவர்களுக்கு வாசலைத் திறந்தும் வைத்தது. டைப்ரைட்டர் வாங்கித் தானே அடித்துப் பிழைப்பவரும், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோரே. துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போவதில்லை என்றது.

அன்றைய டைப்ரைட்டரின் இடத்தில் இன்று லேப்டாப் இருக்கிறது. திருத்தங்கலில் ஒற்றை ஆளாக லேபிள் டிசைன் செய்பவர் இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார். ஊழியர்களுக்காக மொத்தமாக லேப்டாப் வாங்கும் ஆப்செட் அச்சக உரிமையாளரின் நிலை வேறு. அவர் சிவில் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கலாம். நிறுவனத்தின் பெயரில் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கினால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதிட அந்தப் பில்லே கைகொடுக்கும். தனி ஆளாகத் தொழில் செய்பவர், இந்தக் கருவியைத் தானே பயன்படுத்தி அந்த வருமானத்தில் பிழைக்கிறார் என்ற வாக்கியத்தைப் புகாரில் மறக்காமல் எழுத வேண்டும்.

கார்த்திகை

பழுதும் தீரவில்லை, மாற்றியும் தரவில்லை என்றால், கடைக்கும் உற்பத்தியாளருக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பைப் பதிவு அஞ்சலில் அனுப்பிக் கெடு கொடுப்பது வழக்கம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் தமிழில் பேசிப் புகாரைப் பதியலாம். அது தீர்ப்பு சொல்லும் இடமல்ல. நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்கும் இடம். பல புகார்கள் இங்கேயே தீர்ந்துபோவதால் முயல்வதில் நட்டமில்லை. இணையத்தில் வாங்கியவருக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் துணை நிற்கின்றன: தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

டிசம்பர் 24

1986-இல் இதே தேதியில் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். இப்போதுள்ள சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ குறை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடிந்தது. மதுரைக் கடையில் வாங்கிய சிவகாசிக்காரர் மதுரைக்கு அலைய வேண்டியிருந்தது. இப்போது புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் செயல்படும் ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். புதிய சட்டத்தின் மிகப் பெரிய நன்மை இதுவே.

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2025 தொடக்கத்தில் வந்த இ-ஜாக்ரிதி தளம் வழியே வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாளும், கேட்டால் கூடுதலாக 15 நாளும் உண்டு. சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில் ஆணையம் கருவியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும் தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வழக்குகள் இதைத் தாண்டி நீள்வது உண்டு.

மாசி

புகார் நிரூபணமானால் குறையை நீக்கவோ, குறையற்ற புதுக் கருவி தரவோ, விலையை வட்டியோடு திருப்பவோ, இழப்பீடும் செலவும் தரவோ ஆணையம் உத்தரவிடலாம். கடையையும் உற்பத்தியாளரையும் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்த்திருந்தால், தொகையைக் கூட்டாகவோ தனித்தனியாகவோ தரச் சொல்லி உத்தரவு வரலாம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க அப்போது வழி இருக்காது.

தோற்ற தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் தர உத்தரவானவர் அதில் பாதியை முன்கூட்டியே கட்டினால்தான் அந்த மேல்முறையீடு எடுத்துக்கொள்ளப்படும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மீறியவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.