தட்டைக் கவிழ்த்த பிறகு

நீலமும் சிவப்பும் பொன்னுமாகப் பழைய பீங்கான் தட்டு ஒன்று மேசைக்கு வந்தால், கொண்டுவந்தவர் அதிலுள்ள பூக்களின் அழகைச் சொல்லி முடிப்பதற்குள் நான் அதைக் கவிழ்த்துவிடுவேன். இந்த வகைக்கு இமாரி என்று பெயர். ஜப்பானில் அரிதா ஊரைச் சுற்றியுள்ள சூளைகளில் வெந்து, இமாரித் துறைமுகம் வழியாக வெளியே போன சரக்கு. ஆனால் இமாரி என்று வருவதில் சீனத்து ஜிங்தெஜெனில் செய்ததும் கணிசமாக உண்டு.

எல்லாம் வியாபாரம்தான். 1644இல் மிங் ஆட்சி கவிழ்ந்து சீனத்தில் சண்டை மூண்டதில் ஜிங்தெஜென் சரக்கு ஒழுங்காக வெளியே வரவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரிதா பக்கம் திரும்பியது. 1659இல் பெரிய ஆர்டர் கொடுத்தது. ஐரோப்பாவில் ஜப்பான் சரக்குக்கு மவுசு ஏறிவிட்டது. 1680களில் மறுபடி தலையெடுத்த ஜிங்தெஜென், 1700ஐ ஒட்டி அதே மூன்று நிறங்களில் சந்தையில் இறங்கியது. பார்த்துப் பார்த்துப் போட்ட படம். அதை வைத்து ஊர் சொல்வது ஆபத்து.

அடிப்பக்கத்தை யாரும் அப்படிப் பார்த்துப் போடவில்லை. அகலமான தட்டு சூளைச் சூட்டில் நடுவே தொய்ந்துவிடாமல் இருக்க, அரிதாக்காரர்கள் அடியில் சின்னக் களிமண் முளைகளை முட்டுக் கொடுப்பார்கள். வெந்ததும் தட்டி எடுத்துவிடுவார்கள். பாத வளையத்துக்குள் அந்த இடங்கள் மட்டும் அம்மைத் தழும்பாக நின்றுவிடும். சில தட்டில் மூன்று, சிலதில் ஐந்து. கண்ணுக்குத் தப்பினாலும் விரல் நுனிக்குத் தட்டுப்படும். ஜிங்தெஜென் தட்டில் இதைக் காண்பது அபூர்வம். அதற்காக, தழும்பு இல்லையென்றால் ஜப்பான் இல்லை என்று அவசரப்படக் கூடாது. சின்னக் கிண்ணத்துக்கு முட்டு எதற்கு?

அங்கேதான் நிறம் கை கொடுக்கும். அரிதா நீலம் கருத்திருக்கும், ஓரங்களில் கொஞ்சம் கசிந்திருக்கும். சிவப்பு அடர்த்தியாகப் படிந்திருக்கும். சீன நீலம் தெளிவு. சிவப்பு மெல்லிசாக, ஆரஞ்சு பக்கம் சாயும். கையில் எடுத்தால் சீனத் தட்டு பெரும்பாலும் லேசு.

வருகிறவர்கள் முதலில் காட்டுவது முத்திரையை. நான் கடைசியில் பார்ப்பதும் அதைத்தான். மிங் வம்சத்துச் செங்குவா ஆட்சியில் செய்தது என்று ஆறு எழுத்து அழகாக எழுதியிருக்கும். செங்குவா ஆண்டது 1465 முதல் 1487 வரை. இருநூறு வருஷம் கழித்துப் பேரரசர் காங்சி காலத்துச் சீனக் குயவர்களும் அதை எழுதினார்கள், அரிதாவிலும் எழுதினார்கள். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பழையதன் மேல் இருந்த மதிப்பு அது. 1845இல் பாரிசில் தொடங்கிய சாம்சன் பட்டறையோ பழைய சாமானோடு அதன் முத்திரையையும் சேர்த்தே நகலெடுத்தது. ஆங்கில எழுத்தில் ‘நிப்பான்’ என்று இருந்தால் மட்டும் எனக்கு வேலை சுலபம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்த பிறகு ஏற்றுமதிக்குப் போட்டது அது. பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சு அத்தோடு முடிந்தது.

சில தட்டுகளில் பாதத்தை யாரோ உரசி மழித்திருப்பார்கள், அல்லது பித்தளைப் பீடம் மாட்டி அடியை மூடியிருப்பார்கள். பீடத்தைக் கழற்ற உடைமைக்காரர் சம்மதிக்காவிட்டால், சீட்டில் ‘இமாரி பாணி’ என்று மட்டும் எழுதி ஊர்ப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறேன். கூலி கொடுப்பவருக்கு முகம் சுண்டும்தான்.