ஓர் அங்குல ரப்பர்

பயணம் புறப்படும் மனிதனின் அறிவை அவனுடைய மூட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்கள் நம் பெரியத்தா. ஜவுளி மூட்டையைச் சைக்கிளின் கேரியரில் கட்டிக்கொண்டு, இராசிபுரம், புதுச்சத்திரம், சேந்தமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களில் நாற்பது ஆண்டுகள் வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். அத்தனை ஆண்டுகளிலும் அவர்களுடைய பழுதுக் கருவிகள் யாவும் உள்ளங்கை அகலத் தகர டப்பா ஒன்றினுள் அடங்கியிருந்தன.

நமக்கு அது வேடிக்கையாக இருந்தது. புதுச் சைக்கிள் வாங்கிய மிடுக்கில், சீட்டுக்குப் பின்னால் தோல்பை ஒன்றைத் தொங்கவிட்டோம். ஐந்தாறு ஸ்பேனர்கள், குறடு, சிறு சுத்தியல், போக்ஸ் கம்பிகள், ஒரு பொட்டலம் பால்ரஸ், ஒட்டுப் போடும் சாமான்கள் என அதில் இல்லாததே இல்லை என்று எண்ணினோம். பெரியத்தா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமாகத்தான் இருக்கிறது, தம்பி" என்று மட்டும் சொன்னார்கள்.

1978ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒருநாள் காலை, சேந்தமங்கலத்தில் பெரியத்தா வஃபாத்தான செய்தி இராசிபுரத்திலிருந்த நமக்கு வந்தது. லுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். பேருந்துக்குக் காத்திருக்க மனமின்றிச் சைக்கிளை எடுத்தோம். நேரத்தை மிச்சப்படுத்த, சோளக்கொல்லைகளுக்கு நடுவே செல்லும் வண்டிப்பாதையில் திரும்பினோம்.

சேலம், நாமக்கல் சமவெளியின் மானாவாரி நிலங்களை அறிந்தவர்களுக்கு நெருஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் தரையோடு படர்ந்து மஞ்சள் பூப்பூத்துச் சிரிக்கும்; காய்ந்தபின் அதன் முள் எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கி நிற்கும். முன்சக்கரம் இறங்கிவிட்டது.

நாம் கலங்கவில்லை. டயரைக் கழற்றினோம்; உட்புறத்தை விரலால் தடவி முள்ளின் முனையை எடுத்தோம்; டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் உலரும்வரை பொறுத்து, ஒட்டுப் போட்டோம். எல்லாம் முறைப்படி நடந்தது. காற்றடித்தபோதுதான் உண்மை தெரிந்தது. வால்வைக் கழற்றியபோதே, அதன் மீதிருந்த வால்வ் டியூப் பிசுபிசுத்துக் கிழிந்திருந்தது.

அக்காலச் சைக்கிள்களின் வால்வில், காற்று செல்லும் பக்கத் துளையைச் சிறு ரப்பர் குழல் ஒன்றே மூடியிருக்கும். பம்பின் காற்று ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். உள்ளிருக்கும் காற்று அதே ரப்பரை அழுத்தித் துளையை அடைத்துக்கொள்ளும். வெயிலில் இளகிப்போகும் அந்த ஓர் அங்குல ரப்பருக்குச் சில காசுகளே விலை. நம் தோல்பையில் அது இல்லை. நூலைச் சுற்றிப் பார்த்தோம். கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிப் பார்த்தோம். காற்று நிற்கவில்லை. சுத்தியலும் குறடும் பையில் கலகலக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

சேந்தமங்கலத்தை அடைந்தபோது, மையவாடியிலிருந்து மக்கள் திரும்பிக்கொண்டிருந்தனர். நம்மைத் தோளில் தூக்கி வளர்த்தவர்களின் சந்தூக்கிற்கு நம் தோளைக் கொடுக்க இயலவில்லை.

அதன்பின் நம் பையின் கணக்கு மாறிற்று. எது பெரிதாகத் தெரிகிறது என்று பாராமல், எது அடிக்கடி கெடும், எது கெட்டால் வண்டி நகராது, எதை வழியிலேயே நம் கையால் சீராக்க இயலும் என்று மூன்று கேள்விகள் கேட்கிறோம். பால்ரஸ் மாற்றுவது வழியோரத்தில் ஆகிற வேலையன்று. பொட்டலம் வீட்டில் தங்கிற்று. திறந்த சொல்யூஷன் குழாய் பையிலேயே காய்ந்துபோகும். எனவே மாதம் ஒருமுறை பார்க்கிறோம்.

இன்று கியர் சைக்கிளில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும் பேரப்பிள்ளைகளின் வண்டியில் அந்த ரப்பர் குழல் இல்லை. அவர்களுக்கு மாற்று டியூப், வால்வுக்குப் பொருந்தும் பம்பு, வண்டிக்கேற்ற அலன் சாவிகள், இறக்கத்திற்கு முன் தேய்மானம் பார்த்த பிரேக் கட்டைகள் வேண்டும். பொருள்கள் மாறிவிட்டன, மூன்று கேள்விகள் மாறவில்லை.

அன்று மாலை பெரியம்மா அந்தத் தகர டப்பாவை நம் கையில் கொடுத்தார்கள். திறந்தோம். முகப்பவுடர் தூவிய காகிதப் பொட்டலத்தில், ஒட்டிக்கொள்ளாமல் புதிதாக, ஐந்து வால்வ் டியூப் துண்டுகள் இருந்தன.