மீனுக்குக் கட்டிய வலை



எங்கள் பள்ளிக்குப் பின்னால், இரண்டு மேடுகளுக்கு நடுவே மண்கரை போட்டுத் தேக்கிய குளம் ஒன்று இருக்கிறது. ஆலைக்குத் தண்ணீர் வேண்டுமென்று அந்தக் காலத்தில் கட்டியது. ஆலை மூடிய பிறகு, தனியார் ஒருவர் அதை வாங்கி மீன்பிடிக் குளமாக்கினார். ஞாயிறுதோறும் பட்டணத்துக்காரர்கள் காசு கட்டித் தூண்டில் போடுவார்கள். கரைக்குக் கீழே இருப்பதோ நம் லயங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாலை. மூன்று நாளாக விடாத மழை. குடையோடு கரைமேல் ஏறிய எனக்கு நெஞ்சு திக்கென்றது. கரை நிரம்ப ஒரு சாண்தான் பாக்கி. மிஞ்சிய நீர் வழிந்தோட ஓரத்தில் ஒரு வாய்க்கால் உண்டு. மீன் தப்பிப் போகாமலிருக்க முதலாளி அதில் கம்பிவலை கட்டியிருந்தார். சருகும் செம்பனை மட்டையும் வந்து அதை அடைத்துவிட்டன.

"கலிங்கை அடைச்சா கரை நிக்குமா சார்?" என்றபடி தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கத்தியோடு வந்தார். இடுப்பில் கயிறு கட்டி, நாலு பேராக வலையை அறுத்தோம். அது உயிரோடு விளையாடும் வேலை, யாரும் செய்யாதீர்கள். லயத்துச் சனங்களை மேட்டுக்கு அனுப்புவதே முதல் வேலை என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் முதலாளி, "போன மீனுக்கு யார் பதில் சொல்வது, சார்?" என்று சீறினார். வாயடைத்து நின்றேன். அதன்பின் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்னும் மண்ணணை இருந்தது. பணக்காரர்களின் மீன்பிடிச் சங்கம் ஒன்று அதை வைத்திருந்தது. அடியில் நீரை வெளியேற்றும் இரும்புக் குழாய்களை முந்திய உடைமையாளரே கழற்றி விற்றிருந்தார். சங்கத்தார் குதிரை வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீனுக்காக வழிவாய்க்காலில் வலையும் போட்டார்கள். 1889 மே 31ஆம் நாள் பெருமழையில் வலை அடைத்தது, நீர் கரைமேல் ஏறி வழிந்து மண்ணை அரித்தது, அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் பட்டணத்திலும் வழியிலும் 2,209 பேர் மாண்டார்கள்.

இதை முதலாளியிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். அந்த வாரமே மிச்ச வலையையும் கழற்றினார். இப்போது மழைக்காலத்துக்கு முன் அவரே ஆள் வைத்து வாய்க்காலைச் சுத்தம் செய்கிறார்.

உங்கள் தோட்டத்திலும் இப்படிக் குளம் இருக்கலாம். கரைமேல் ஒருமுறை நடந்து பாருங்கள். வழிவாய்க்கால் திறந்திருக்கிறதா? கரையில் வெடிப்போ, பள்ளமோ, எலி வளையோ உண்டா? கீழ்ப்புறத்தில் நீர் கசிகிறதா? அந்தக் கசிவு கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். உடனே நிர்வாகத்திடம் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

எங்கள் கரையில் இன்னும் இரண்டு பெரிய மரங்கள் நிற்கின்றன. வெட்டிப் போட்டால் வேர் மக்கி உள்ளே நீருக்கு வழியாகும். விட்டுவைத்தால் புயலில் சாய்ந்து கரையையே பெயர்க்கும். பொறியாளர் வந்து பார்க்கும்படி இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். மூன்றாவதையும் நாளை போடுவேன். கரைக்குக் கீழே உறங்குபவர்கள் என் மாணவர்கள்.