நாரி ஊசியும் அம்மாவின் சீனியும்

நாரி நோ இல்லாத வயோதிபரை எங்கள் வீடுகளில் காண்பது அரிது. என் அம்மாவுக்கு வயது 74, சலரோகக்காரர். நாரியிலிருந்து வலது கால் வழியே இறங்கிய உளைவு அவரை இரண்டு மாதம் படுக்க விடவில்லை. இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் முள்ளந்தண்டுக்குள் ஸ்ரெரொயிட் ஊசி போட்டார்கள். மொழிபெயர்த்தவன் 13 வயதுப் பேரன். "ஊசி போட்டால் நோ போகுமாம் அம்மம்மா" என்பதற்கு மேல் அவனால் என்ன சொல்ல முடியும்?

நோ குறைந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அன்றிரவே முகம் சூடேறிச் சிவந்தது, நித்திரையில்லை. பக்கத்து வீட்டு மாமி நாவூறு என்று மிளகாய் சுற்றி எரித்தார். வீட்டுப் புகைமணி அலறியதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் ஒரே தாகம், அடிக்கடி சலம். "தேத்தண்ணி கூடிப்போச்சு பிள்ளை" என்றார். விரலில் குத்திப் பார்த்தால் சீனி 19. வழமையில் 8. (ஊர்க் கணக்குக்கு இதை 18 ஆல் பெருக்க வேண்டும்.)

முள்ளந்தண்டில் போட்டாலும் மருந்து இரத்தத்தில் கலக்கும். ஈரலைக் கூடுதலாகச் சீனி விடச் செய்யும், இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். சலரோகக்காரருக்குப் பல நாட்கள் சீனி ஏறி நிற்கலாம். பிரஷரும் ஏறலாம். கையில் தந்த ஆங்கிலத் தாளில் இது இருந்தது. வாயால் ஒருவரும் சொல்லவில்லை. குடும்ப வைத்தியர் குளிசையைக் கூட்டித் தந்தபின் பத்து நாளில் இறங்கியது.

அம்மாவுக்கு வந்தது சிறியது. பார்வை இழப்பு, பாரிசவாதம் போன்றவையும் மிக அரிதாக வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2014 இல் எச்சரித்தது. ஊசிக்குப் பின் காய்ச்சலோ, எழும்பி இருந்தால் கூடுகின்ற தலையிடியோ வந்தால் அன்றே வைத்தியசாலைக்கு அறிவியுங்கள். கால் சோர்ந்தாலோ சலம் போகாவிட்டாலோ விடியும் மட்டும் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2016 இல் வெளியிட்ட வழிகாட்டல், வெறும் நாரி நோவுக்கு இந்த ஊசியைப் போட வேண்டாம் என்கிறது. அண்மையில் தொடங்கிக் கால் வழியே இறங்கும் கடும் நோவுக்கு மட்டுமே யோசிக்கலாமாம். ஆகவே ஏன் போடுகிறார்கள் என்று கேளுங்கள். சலரோகம், இரத்தம் இளக்கும் குளிசை இரண்டையும் முன்கூட்டியே சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று திகதி தரும்போதே கேளுங்கள், காசில்லை.

சென்ற மாதம் இரண்டாம் ஊசி பற்றிக் கதைத்தார்கள். இம்முறை ரெலிபோனில் ஒரு தமிழ்ப் பெண் மொழிபெயர்த்தார். அம்மா அவரிடம் முதலில் சொன்னது: "என்ர சீனிக்கு என்ன செய்யப் போறியள் எண்டு டொக்டரிட்டைக் கேள் பிள்ளை."