உண்டியல் எண்ணுறவன் வீட்டுக்கு வந்த கடிதம்

வழக்கமா இங்க பூஜை நேரம், அன்னதான விவரம்தான் போடுவேன். இன்னைக்கு என் சொந்தக் கதை. கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு.

போன ஆடி மாசம் வேலை முடிஞ்சு வந்தா, மேசையில எல்.எச்.டி.என். கடிதம். மூணு வருஷ வாடகை வருமானத்தைக் காட்டலை, ஆவணங்களோட விளக்கம் கொடுங்கன்னு இருந்தது. எங்ககிட்ட ஒரு சின்ன பிளாட் இருக்கு, மாசம் 850 வெள்ளி வாடகை. பங்கு வித்த லாபத்துக்கு நம்ம மாதிரி ஆளுங்களுக்கு வரி இல்லைன்னு கேன்டீன்ல யாரோ சொன்னாங்க. வாடகையும் அப்படித்தான்னு நெனச்சேன். இல்லை, உண்மையைச் சொல்லிடறேன். ரெண்டாவது வருஷமே சந்தேகம் வந்தது. கேட்டா கட்டச் சொல்வாங்கன்னு கேக்கலை.

"அவங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சது?"ன்னு வீட்டுல கேட்டாங்க. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டினோமே, அதை வாங்குறதும் அதே வாரியம்தானே!

அந்த ஞாயித்துக்கிழமை உண்டியல் எண்ண உட்கார்ந்தேன். 5 காசு குறைஞ்சாலும் மறுபடி எண்ணச் சொல்றவன் நான். அன்னைக்குக் கை ஓடலை.

நம்ம கோயில்ல கணக்கு படிச்ச தம்பி ஒருத்தர் தொண்டு செய்றார். அவர்கிட்ட கடிதத்தைக் காட்டினேன். "அங்கிள், பயந்து கையெழுத்துப் போட்டுடாதீங்க. வாடகை முழுசுக்கும் வரி இல்லை, செலவு போக மிச்சத்துக்குத்தான். ரசீதைத் தேடுங்க"ன்னார். பிஸ்கட் டின் ரெண்டைக் கவிழ்த்தோம். வங்கிக் கடனோட வட்டி, வீட்டு வரி, நில வரி, தீ காப்புறுதி, குழாய் ரிப்பேர். கடனோட அசல் கழியாது. முதல் வாடகைக்காரரைப் பிடிக்க ஏஜென்டுக்குக் கொடுத்த கமிஷனும் கழியாதாம், அதுல எனக்குக் கோபம்தான். வருஷத்துக்கு 10,200 வெள்ளியில மிச்சம் சுமார் 4,300 நின்னது. ஒரு வருஷ ரிப்பேர் ரசீது மட்டும் கிடைக்கலை, அதை விட்டுட்டேன். ஏழு வருஷம் ரசீது வச்சிருக்கணும்கிறது சட்டம். நான்தான் வைக்கலை.

சொன்ன தேதிக்கு முன்னாடியே போய், தப்பு என்னோடதுன்னு எழுதிக் கொடுத்தேன். அதிகாரி அம்மா பொறுமையாப் பார்த்தாங்க. கூடுதல் மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தப்ப, முழு வாடகைக்கும் போட்டிருந்தா வந்திருக்கிற வரியில பாதிகூட இல்லை. அபராதம் தனி. ஒத்துக்க முடியலைன்னா 30 நாளுக்குள்ள கியூ பாரத்துல மேல்முறையீடு செய்யலாம், ஆனா மேல்முறையீடு போட்டாலும் பணத்தைக் கட்டியே ஆகணும்னு தம்பி சொன்னார். எனக்கு மறுக்க ஒண்ணுமில்லை. கட்டிட்டேன்.

அப்புறம் தலைவர் ஐயாகிட்ட எல்லாத்தையும் சொல்லி, இனிமே உண்டியல் பக்கம் உட்காரலைன்னு சொன்னேன். ஐயா கொஞ்ச நேரம் பேசலை. "ரசீதைக் காட்டு"ன்னார். வரி கட்டின ரசீதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுசாப் படிச்சுட்டு, "ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு, போன தடவை நீ எண்ணின சில்லறையில தப்பு இருந்தது"ன்னார்.

யாருக்காவது இந்த மாதிரி கடிதம் வந்து டிராயர்ல கிடந்தா, அன்னதானம் முடிஞ்சதும் என்கிட்ட கொண்டு வாங்க. தம்பியும் இருப்பார்.