நாலு விரல் இடைவெளி

கொருக்குப்பேட்டையில் ஒரு சந்தின் முனையில் அந்த ஆட்டோ ஷெட் இருக்கிறது. மூன்று பக்கமும் செங்கல் சுவர், மேலே கல்நார்க் கூரை, முன்னால் இழுத்து மூடும் ஷட்டர். வண்டி சவாரிக்குப் போனதும் அந்த இடம் கேரம் ஆடுகிற பிள்ளைகளுக்கு. ஐப்பசி மழை சற்றே ஓய்ந்த மாலை. எதிர் டீக்கடைத் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஷெட்டுக்குள் ஒரு பெரியவர், அறுபது தாண்டியிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிகிறார். உள்ளங்கையைத் தரையில் அழுத்தி எடுத்து, விரலோடு விரல் தேய்த்துப் பார்க்கிறார். அடுத்து சுவர். முழங்கால் உயரம் வரை சுண்ணாம்பு உப்பிப் பொரிந்திருக்கிறது. கூரையை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது ஒழுகவில்லை என்று அவருக்குத் தெரியும். மண்ணிலிருந்து சிமெண்டு வழியாக மேலேறும் ஓதம்தான் அவருடைய எதிரி.

கேரம் போர்டு தரையில் இல்லை. நாலு செங்கல், அவற்றின்மேல் இரண்டு ரீப்பர் கட்டை, கட்டைகளின்மேல் போர்டு நெட்டுக்குத்தாக நிற்கிறது. சாய்த்து வைத்தால் மாதக் கணக்கில் தன் கனத்தாலேயே பலகை வளைந்துவிடும். இரண்டு பக்கமும் ஆணி அடித்து, மரத்துண்டு முட்டுக் கொடுத்திருக்கிறார். சுவருக்கும் போர்டுக்கும் நடுவே கையை நுழைக்கிறார். நாலு விரல் தாராளமாகப் போகிறது. மூடியிருப்பது துவைத்துத் துவைத்து மெலிந்த ஒரு பருத்தி வேட்டி.

பையன் ஒருவன் புது பிளாஸ்டிக் தாளோடு ஓடி வருகிறான்.

"தாத்தா, இத்த சுத்திக் கட்டிடலாமா? தண்ணியே படாது."

"வேணாண்டா கண்ணு. உள்ள கீற ஈரம் எங்க போவும்?"

அவ்வளவுதான் பதில். தாளை வாங்கி, போர்டுக்கு மேலே தொங்கும் கயிற்றில் பந்தல்போல விரிக்கிறார். பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. இறுக்கக் கட்டிய பிளாஸ்டிக்குக்குள் இரவுக் குளிரில் வியர்வை கோர்த்து, பூஞ்சை பிடித்து, பளபளப்பான மேல்தோல் கெட்டுப்போவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பேர் போர்டைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்கிறார்கள். ஆடுகளம் 74 செண்டிமீட்டர் சதுரம். இந்தச் சின்னச் சதுரத்தில் 15 கிராமுக்கு மிகாத ஸ்ட்ரைக்கர் நூல் பிடித்தாற்போல் ஓட வேண்டும். பலகை எங்கேயாவது தூக்கினாலோ தாழ்ந்தாலோ, காய் தன் வழியை விட்டு விலகும். நல்ல கைகூடத் தோற்கும். பெரியவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளை நூல் எடுக்கிறார். ஒரு முனையை ஒரு பாக்கெட் ஓரத்தில் பையன் அழுத்திப் பிடிக்கிறான். மறு முனையை எதிர் மூலைக்கு இழுத்துப் பலகையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திப் பார்க்கிறார். நூலுக்கடியில் நடுவே பல்பு வெளிச்சம் கீற்றாகத் தெரிகிறது. பஸ் டிக்கெட் ஒன்றை அந்த இடத்தில் நுழைக்கிறார். உரசாமல் போகிறது.

பலகை நடுவில் குழிந்திருக்கிறது. மேல்பக்கத்துக்கு வழவழவென்று பூச்சு உண்டு. அடிப்பக்கம் வெறும் மரம். காற்றிலிருக்கும் ஈரத்தை அடிப்பக்கம் குடித்து விரிகிறது, மேல்பக்கம் விரியவில்லை, அதனால் பலகை கீழ்நோக்கித் தொப்பை போடுகிறது. பிளைவுட்டின் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் வளைவு இந்த அளவோடு நிற்கிறது.

பெரியவர் போர்டைக் கவிழ்த்து ரீப்பர்மேல் வைக்கச் சொல்கிறார். அடிப்பக்கத்துக்கு மேலே, ஒரு முழத்துக்கும் கூடுதலான உயரத்தில் குண்டு பல்பைத் தொங்கவிடுகிறார். பக்கத்தில் எல்.ஈ.டி. விளக்கும் இருக்கிறது, ஆட்டத்தின்போது எரிய. அதில் சூடு போதாது; குண்டு பல்பு தின்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. தாழ்வாக இறக்கினால் சீக்கிரம் காயுமே என்று ஒருவன் கை நீட்டுகிறான். பெரியவர் அந்தக் கையை மெதுவாக விலக்குகிறார். அவசரச் சூட்டில் மரம் வெடிக்கும்.

காய்களின் டப்பாவைத் திறக்கிறார். உள்ளே துணியில் முடிந்த வறுத்த அரிசி. முடிச்சை அவிழ்த்து, பழையதைக் கொட்டிவிட்டுப் புதிது போடுகிறார். போரிக் பவுடர் கட்டி தட்டியிருக்கிறது. அதை மூடியில் பரப்பி விளக்கோரம் வைக்கிறார்.

"இன்னிக்கு ஆட்டம் இல்லியா தாத்தா?" கேட்பவள் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். கையில் சொந்த ஸ்ட்ரைக்கர்.

"நாளிக்கி வாம்மா. வெயில் காலம் வரட்டும், அடியில ரெண்டு கோட் வார்னிஷ் அடிச்சிடறேன். இப்ப அடிச்சா ஈரத்த உள்ள வெச்சு மூடுனாப்ல ஆயிடும்."

அவள் முகம் வாடவில்லை. சுவரில், ஓதம் எட்டாத உயரத்தில், ஒட்டியிருக்கும் செய்தித்தாள் படத்தைப் பார்க்கிறாள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா. இங்கிருந்து கூப்பிடு தூரத்துப் புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2008-இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். வடசென்னையின் சின்னச் சின்ன இடங்களில் வளர்ந்த ஆட்டம் இது. வென்றவர்களைக் கொண்டாடுகிறோம்; கொண்டாடத்தான் வேண்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பலகையைச் சமமாகக் காத்துக் கொடுக்கும் இந்தக் கைகளுக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் வீட்டிலும் பீரோவுக்குப் பின்னால் ஒரு கேரம் போர்டு சுவரோடு ஒட்டிச் சாய்ந்திருக்கும். இந்த மழை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நேராக நிறுத்துங்கள்.