பறக்கும் நடுகல்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரும் பீடும் பொறித்து வழிபடுதல் பண்டைத் தமிழர் மரபு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதனை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கும். கல் அசையாது நிற்பது. அதுவே அதன் பெருமை. ஆயின் வானிலே போரிட்டு மாண்ட ஒருவரை நிலத்தில் நிற்கும் கல் முற்றாக நினைவூட்ட வல்லதா? இவ்வினாவுக்கு விடை கூறுவார் போல, வட இத்தாலியிற் சிலர் மரத்தாலும் துணியாலும் ஒரு நடுகல்லைச் சமைத்துள்ளனர்.

பிரான்செஸ்கோ பராக்கா 1888 இல் லூகோ நகரிற் பிறந்தவர். குதிரைப்படை அதிகாரியாக இருந்து பின்னர் விமானியானவர். 1916 ஏப்ரல் 7 ஆம் நாள் ஒஸ்திரிய விமானமொன்றை வீழ்த்தி, இத்தாலிய விமானிகளின் முதலாவது வான்வெற்றியை ஈட்டினார். தமது இலக்கு விமானமேயன்றி அதிலிருக்கும் மனிதனன்று என அவர் கூறியதாகச் சொல்வர். குதிரைப்படை வாழ்வின் நினைவாக, முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரையொன்றைத் தம் விமானத்தின் பக்கத்திலே தீட்டுவித்தார். அவர் பெற்ற வெற்றிகள் 34. 1918 ஜூன் 19 ஆம் நாள், பியாவே ஆற்றங்கரைப் போரின்போது, மொன்தெல்லோக் குன்றின்மேல் தாழப் பறந்து தாக்குகையில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. நிலத்திலிருந்து எழுந்த குண்டா, எதிர் விமானியின் குண்டா, தீயில் வெந்து மாள விரும்பாது தாமே சுட்டுக்கொண்டாரா என்பது இன்றும் தீராத வழக்கு.

அவரது குதிரையோ வேறு வழியிற் சென்றது. 1923 இல் பந்தய மோட்டார் வீரர் என்சோ பெராரி பராக்காவின் பெற்றோரைச் சந்தித்தார். மகனின் சின்னத்தை மோட்டார் வண்டியிற் பொறித்தால் நற்பேறு வாய்க்கும் எனத் தாயார் கூறினார். இன்று அக்குதிரையை அறியாதார் அரியர். அதற்குரிய மனிதரை அறிந்தாரும் அரியர். சின்னம் வாழ, அதற்குரியவர் மறக்கப்படுதல் ஒருவகை இரண்டாம் மரணம் எனலாம்.

மொன்தெல்லோக் குன்றில் அவருக்கு நினைவாலயம் உண்டு. அவர் செலுத்திய விமானமொன்று லூகோ அருங்காட்சியகத்தில் உள்ளது, அது பறப்பதில்லை. ஆனால் குன்றின் அடிவாரத்தில், அதே போரில் இடிபாடாகிப் பின் தன் பெயரிலேயே போரைச் சுமக்கும் நெர்வேசா தெல்லா பத்தாலியா என்ற ஊரில், பழைய விமானங்களின் பறக்கவல்ல பிரதிகளைப் பேணும் ஜொனதன் தொகுப்பு இருக்கின்றது. பராக்காவின் குதிரையைத் தாங்கிய ஸ்பாட் 13 வகை விமானப் பிரதியும் அத்தொகுப்பில் உருவாயிற்று.

காட்சிக்கு வைக்கும் பிரதி கண்ணை ஏமாற்றினாற் போதும். பறக்கும் பிரதி காற்றை ஏமாற்ற முடியாது. இறக்கையின் ஒவ்வொரு விலாச் சட்டமும் அளவு தவறாது அமைதல் வேண்டும். சட்டங்களை இணைக்கும் கம்பிகள் ஒத்த இறுக்கம் பெறல் வேண்டும். போர்த்திய துணி மெருகெண்ணெய் பூசப் பூசச் சுருங்கி முரசுத் தோல்போல் விறைக்க வேண்டும். இவ்வாறு உழைக்கும் கைகள், நூல்கள் கூறாத சிலவற்றை அறிந்துகொள்கின்றன. ஸ்பாட் விமானத்தின் முதன்மை எரிபொருட் கலம் விமானியின் இருக்கைக்குக் கீழே அமைந்திருந்தது. அவரிடம் பரசூட் இருக்கவில்லை. இதனை உணர்ந்து கலத்தைப் பொருத்துபவருக்குத் தீயைப் பற்றிய அந்த அச்சம் வெறும் கதையாகத் தோன்றாது.

கொலைக் கருவியொன்றை மீண்டும் படைத்தல் போரைப் போற்றுவதாகாதா எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. அந்த 34 வெற்றிகளின் மறுபுறத்திலும் மைந்தரை இழந்த தாய்மார் இருந்தனர். வெற்றித் தொகையை மட்டும் பாடும் நினைவு அரை நினைவே. ஆயினும் இப்பிரதி எவரையும் சுடுவதற்குப் பறப்பதன்று. குன்றைச் சுற்றி வந்து, புல்வெளியில் மெல்ல இறங்கி, விமானியை உயிருடன் மண்ணிற் சேர்ப்பதே அதன் பணி. 1918 இல் அக்குன்றின்மேற் பறந்தவருக்குக் கிட்டாது போனதும் அதுவே. வீழ்ந்தவருக்கு அதனினும் பொருத்தமான வணக்கம் வேறொன்று உண்டோ?